25 ஆயிரம் சம்பளமும் பைக் ஆசையும்

கேள்வி இதுதான்: "மாதம் 25 ஆயிரம் சம்பளம். வேலைக்குப் போக வண்டி வேண்டும். அதைவிட, எனக்கு வண்டி ஓட்டுவதே பிடிக்கும். பைக் என்றால் ஏழை, பணக்காரன் எல்லாருக்கும் பொது என்கிறார்கள். அது உண்மையா, இல்லை ரெண்டு லட்ச ரூபாய் வண்டி வைத்திருப்பவர்கள் சொல்லிக்கொள்ளும் கதையா? என் மாதிரி ஆளுக்கு இந்த ஆசை கட்டுப்படியாகுமா?"

சேலம் பக்கம் டூ வீலர் விற்பனையிலும் பைனான்ஸிலும் பல வருஷம் இருந்தவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன். ஓட்டுகிற சந்தோஷம் பொதுதான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அந்தச் சந்தோஷத்துக்கு ஒவ்வொருவரும் கொடுக்கிற விலை ஒன்றல்ல. வண்டி விலையைச் சொல்லவில்லை. வட்டியைச் சொல்கிறேன், விபத்தைச் சொல்கிறேன், இன்னும் சிலதையும் சொல்கிறேன்.

முதலில் ஒரு கணக்கு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் கார் வைத்திருந்த வீடுகள் 4.7 சதவீதம், இருசக்கர வாகனம் வைத்திருந்த வீடுகள் 21 சதவீதம். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு எடுத்தபோது நாட்டில் கிட்டத்தட்டப் பாதி வீடுகளில் டூ வீலர் வந்துவிட்டது. கார் வைத்திருப்பவரை வைத்து அவர் வசதியைப் பற்றி ஏதாவது ஊகிக்கலாம். "பைக் வைத்திருக்கிறார்" என்று மட்டும் சொன்னால் ஒன்றுமே தெரியாது. கூலி வேலைக்குப் போகிறவரும் வைத்திருப்பார், வாத்தியாரும் வைத்திருப்பார், மருத்துவமனை நடத்துகிற டாக்டரும் ஞாயிற்றுக்கிழமைக்கென்று ஒன்று வைத்திருப்பார்.

இந்த நிலைமை தானாக வந்ததில்லை. எதைத் தயாரிக்கவும் அரசு அனுமதி வேண்டியிருந்த லைசென்ஸ் ராஜ்ஜியக் காலத்தில் பஜாஜ் சேத்தக் ஸ்கூட்டருக்குப் பணம் கட்டிவிட்டு வருஷக்கணக்கில் காத்திருந்தார்கள். கையில் வண்டி வந்த அன்றே வாங்கிய விலைக்கு மேல் விற்றுவிட முடிந்த காலம் அது. புல்லட் அப்போது எட்டாத உயரம். 1950-களின் நடுவில் ராணுவம் 800 புல்லட் கேட்டதை ஒட்டி, 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டும் சேர்ந்து தொடங்கியதுதான் திருவொற்றியூர்த் தொழிற்சாலை. ராணுவம், போலீஸ், அப்புறம் ஊருக்கு ஒரு பண்ணையார், ஒரு மில் முதலாளி. சத்தம் கேட்டாலே யார் வருகிறார் என்று தெருவுக்குத் தெரியும்.

கீழ்த்தட்டுக்கு முதலில் கதவைத் திறந்தவை மொபெட்டுகள். 1972-இல் கைனடிக் லூனா வந்தது. 1980-இல் ஓசூரிலிருந்து டிவிஎஸ் 50 வந்தது. இந்தியாவில் இரண்டு பேர் உட்காரத் தயாரான முதல் மொபெட் அது. அதுவரை சைக்கிளில் பால் ஊற்றியவர், தறிக்கு நூல் கொண்டுபோனவர், துணி மூட்டை கட்டி ஊர் ஊராக விற்றவர் எல்லாம் பெட்ரோல் வண்டிக்கு மாறியது இதனால்தான். அதற்கடுத்து 1984, 85-இல் ஜப்பான்காரர்களின் 100 சிசி வண்டிகள் வரிசையாக இறங்கின: டிவிஎஸ்ஸோடு சுசுகி, எஸ்கார்ட்ஸோடு யமஹா, ஹீரோவோடு ஹோண்டா. யமஹா ஆர்எக்ஸ் 100 இளவட்டங்களின் மனசைப் பறித்தது. ஆனால் வீட்டு பட்ஜெட்டை ஜெயித்தது ஹீரோ ஹோண்டா சிடி 100. காரணம் எளிது. மற்றவை டூ ஸ்ட்ரோக், பெட்ரோலோடு ஆயிலையும் சேர்த்துக் குடிப்பவை. சிடி 100 ஃபோர் ஸ்ட்ரோக். 1994-இல் வந்த ஸ்ப்ளெண்டரும் அதே 97.2 சிசி எஞ்சின்தான். படுக்கைவாட்டில் இருக்கும் அந்தச் சின்ன எஞ்சினின் பரம்பரையைத் தேடிப் போனால் 1958-இல் ஹோண்டா கொண்டுவந்த சூப்பர் கப்பில் போய் நிற்கும். உலகத்திலேயே அதிகம் விற்ற மோட்டார் வாகனம் அது, பத்துக் கோடியைத் தாண்டியது.

சரி, கீழ்ப்படியில் நிற்கும் வண்டியைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பாருங்கள். டிவிஎஸ்ஸின் எக்ஸ்எல் 100 மொபெட். 99.7 சிசி, எடை 90 கிலோவுக்கும் குறைவு, கியர் கிடையாது, கிளட்ச் பிடிக்க வேண்டியதில்லை. ஹேண்டிலுக்கும் சீட்டுக்கும் நடுவே தட்டையான பலகை மாதிரி இடம். அதில் 50 கிலோ அரிசி மூட்டை நிற்கும், கேஸ் சிலிண்டர் நிற்கும், புல்லுக்கட்டு நிற்கும். பின்சீட்டைக் கழற்றிவிட்டால் அந்த இடமும் சுமைக்கு. இரண்டு பக்கமும் கொக்கி போட்டுப் பால் கேன் தொங்கவிடுவார்கள். காலை ஐந்து மணிக்கு ஏதாவது மார்க்கெட் வாசலில் போய் நின்றால் எக்ஸ்எல் ஓட்டுகிறவரைப் பார்க்க முடியாது, கீரைக்கட்டுகள்தான் நகர்ந்து வரும். இந்த வண்டியை ஷோக்குக்கு வாங்கியவர் எவரும் இல்லை என்று நினைப்பீர்கள். ஆனால் அதே வண்டிக்கு நிக்கல் பளபளப்பில் சைலென்சர் கவசம், கலர் கலராக ஹேண்டில் குஞ்சம், மட்கார்டில் பிள்ளைகள் பெயர், ஆயுத பூஜைக்கு வாழைக்கன்று. பிழைப்புக்கு வாங்கியதுதான். அதற்காகப் பிடிக்கக் கூடாது என்று இருக்கிறதா?

கொல்லிமலைக்குப் போயிருந்தால் நான் சொல்வது உடனே புரியும். காரவள்ளியில் ஏற ஆரம்பித்தால் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒரு வளைவு முடிந்து வண்டி நிமிர்வதற்குள் அடுத்தது வந்துவிடும். அங்கே 650 சிசி வண்டியின் வேகத்தால் பெரிய பிரயோஜனம் இல்லை. இருநூறு கிலோவுக்கு மேல் எடையுள்ள ராயல் என்ஃபீல்டு இன்டர்செப்டர் மாதிரி 650-ஐ ஒவ்வொரு வளைவிலும் மடக்கித் திருப்ப வேண்டும், தோள்பட்டை பேசும். ஸ்ப்ளெண்டர் இரண்டாவது கியரில் முனகிக்கொண்டே, ஆனால் லேசாகத் திரும்பும். மலைவாசிகளின் பழைய எக்ஸ்எல்லும் பலாப்பழ மூட்டையோடு இதே ரோட்டில்தான் ஏறுகிறது. மேலே சோளக்காட்டில் டீக்கடையில் எல்லாரும் ஹெல்மெட்டைக் கழற்றும்போது ஒரே குளிர்தான் முகத்தில் அடிக்கிறது. மழை வந்தால் எல்லாரும் நனைவார்கள். பைக்கில் விலை ஏற ஏற வேகம் கூடும், வசதி கூடும், பிரேக் நன்றாகப் பிடிக்கும். ஆனால் சாய்ந்து திரும்புவது, காற்று, ரோட்டின் ஒவ்வொரு மேடுபள்ளமும் கைக்குத் தெரிவது, இவை முதல் படியிலேயே முழுசாகக் கிடைத்துவிடுகின்றன. கார் அப்படியில்லை. மாருதியில் இல்லாத ஒன்றைத்தான் பென்ஸில் விற்கிறார்கள்.

கம்பெனிக்காரர்களுக்கும் இது தெரியும். எக்ஸ்எல் செய்கிற டிவிஎஸ்தான் 2020-இல் இங்கிலாந்தின் பழைய பைக் கம்பெனியான நார்ட்டனை வாங்கியது. பிஎம்டபிள்யூவின் 310 சிசி வண்டிகளை ஓசூரில் தயாரித்துக் கொடுத்ததும் டிவிஎஸ்தான். 2023-இல் பஜாஜ் தயாரிப்பில் ட்ரையம்ஃப் 400-ம், ஹீரோ தயாரிப்பில் ஹார்லி எக்ஸ் 440-ம் இரண்டேகால் லட்சத்தை ஒட்டி வந்தன. பதினைந்து வருஷத்துக்கு முன் ஹார்லி என்றால் சினிமாக்காரர் வண்டி. ராயல் என்ஃபீல்டும் 2009-இல் கிளாசிக் 350 வந்தபின் பண்ணையார் வாசலிலிருந்து ஐடி கம்பெனி பார்க்கிங்குக்கு இடம் மாறிவிட்டது. பழைய காஸ்ட் அயர்ன் எஞ்சின் ரசிகர்கள் என்னைத் திட்டலாம். ஆனால் ஆயில் ஒழுகாத புல்லட் வந்ததால்தான் மெக்கானிக்கைத் தெரியாதவனும் அதை வாங்கத் துணிந்தான்.

இதுவரை சொன்னது பொதுவாக இருக்கும் பக்கம். இனி மறுபக்கம்.

பைக்கை வேண்டுமென்று ஓட்டுகிறவனும், வேறு வழியில்லாமல் ஓட்டுகிறவனும் ஒரே சிக்னலில் நிற்கலாம். மழை பெய்தால் முதலாமவன் அன்றைக்குக் காரை எடுப்பான். இரண்டாமவன் முதுகில் சாப்பாட்டுப் பையோடு ஓட்டியாக வேண்டும், மழையில் ஆர்டரும் கூடுதலாக வரும். பன்னிரண்டு மணி நேரம் டெலிவரி ஓட்டிவிட்டு வருகிற பையனிடம் போய் "ரைடிங் எவ்வளவு சுதந்திரம்" என்று பேசாதீர்கள். 2022-இல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் 44.5 சதவீதம் இருசக்கர வாகனத்தில் போனவர்கள். ஹெல்மெட் போடாததால் இறந்ததாகக் கணக்கில் வந்தவர்கள் மட்டும் 50,029. அதில் 14,337 பேர் பின்னால் உட்கார்ந்திருந்தவர்கள். கம்பி வேலைக்குப் போகிறவர் பிள்ளைகள் இருவரையும் மனைவியையும் ஒரே வண்டியில் ஏற்றிக்கொண்டு கோயிலுக்குப் போவதைப் பார்த்துப் பலருக்குக் கோபம் வருகிறது. சட்டப்படி தப்புதான். ஆனால் அந்த நாலு பேருக்கு பஸ் டிக்கெட் எடுத்தால் எவ்வளவு, கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்பதையும் கேட்டுவிட்டுக் கோபப்படலாம்.

இன்னொன்றையும் சொல்லாமல் இந்தப் பதிலை முடித்தால் நியாயமில்லை. 2025 பிப்ரவரியில் சிவகங்கை மாவட்டத்தில், புல்லட் ஓட்டினான் என்பதற்காக ஒரு தலித் கல்லூரி மாணவனின் கைகளை ஆதிக்கச் சாதிக்காரர்கள் வெட்டியதாகப் புகார் வந்து, மூன்று பேர் கைதானார்கள். வண்டி எல்லாருக்கும் பொது என்று ஷோரூம்காரர் சொல்லிவிடலாம். தவணை கட்ட முடிந்த யாருக்கும் சாவியைக் கொடுத்துவிடுவார். அந்த வண்டி எந்தத் தெரு வழியாகப் போகலாம் என்று தீர்மானிக்கத் தங்களுக்கு உரிமை இருப்பதாக நினைக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுக்கு உறுத்துவது சிசி இல்லை, தலை நிமிர்ந்து உட்கார்ந்து வருவதுதான்.

பெண்கள் விஷயத்திலும் அப்படித்தான். 2018-இல் தமிழ்நாட்டில் அம்மா இருசக்கர வாகனத் திட்டம் வந்தது, வேலைக்குப் போகும் பெண்களுக்கு விலையில் பாதி அல்லது 25 ஆயிரம் வரை மானியம். ஸ்கூட்டி, ஆக்டிவா எல்லாம் தெருவுக்குத் தெரு வந்தது நல்ல மாற்றம். ஆனால் ஷோரூமில் நான் பார்த்தவரை, பெண் தன் சம்பளத்தில் வாங்கினாலும் கலர் தேர்ந்தெடுப்பது அண்ணன், பேரம் பேசுவது அப்பா. கியர் வண்டியைக் காட்டுங்கள் என்று ஒரு பெண் கேட்டால் சேல்ஸ்மேனே ஒரு நொடி திகைப்பார்.

இப்போது உங்கள் 25 ஆயிரத்துக்கு வருவோம். இங்கேதான் நான் அதிகம் பேச வேண்டும், ஏனென்றால் கட்டுப்படி என்பது ஷோரூம் போர்டில் எழுதியிருக்கும் விலையில் இல்லை.

புது வண்டியை எடுத்துக்கொள்ளுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையிலான வண்டிகளுக்கு ஜிஎஸ்டி 28-இலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது, அதற்கு மேல் 40 சதவீதமாக ஏறியது. நல்ல செய்திதான். ஆனால் ஷோரூம் விலைக்கு மேல் சாலை வரி வரும். தமிழ்நாட்டில் 2023 நவம்பர் முதல் ஒரு லட்சம் வரையிலான வண்டிக்கு 10 சதவீதம், அதற்கு மேல் 12. அப்புறம் ஐந்து வருஷ மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் கட்டாயம். 2022-இல் நிர்ணயித்தபடி 75-க்கு மேல் 150 சிசி வரை 3,851 ரூபாய், 350 சிசி வரை 7,365, அதற்கும் மேலே போனால் 15,117. இதற்கு வரி தனி. படி ஏற ஏற வண்டி விலை மட்டும் இல்லாமல் கூடவே எல்லாமும் ஏறும் என்பதற்காகச் சொல்கிறேன். முன்பணம் கட்டி வண்டியை எடுத்துவிட முடிகிறது என்பதாலேயே பலர் ஒரு படி மேலே தாவிவிடுகிறார்கள்.

கடனுக்கு வருகிறேன். "பத்து பர்சென்ட்தான் சார்" என்பார்கள். அது பெரும்பாலும் ஃப்ளாட் வட்டி. 80 ஆயிரம் கடன், மூன்று வருஷம், ஃப்ளாட் 10 சதவீதம் என்று வையுங்கள். வட்டி 24 ஆயிரம், மொத்தம் 1,04,000. மாதத் தவணை 2,889. இதில் நீங்கள் ஒவ்வொரு மாதமும் அசலையும் கொஞ்சம் கொஞ்சமாக அடைத்துக்கொண்டே வருகிறீர்கள். ஆனால் வட்டி மட்டும் கடைசி மாதம் வரை முழு 80 ஆயிரத்துக்கும் ஓடுகிறது. குறைந்துவரும் பாக்கிக்குக் கணக்குப் போட்டால் இது ஏறத்தாழ 18 சதவீத வட்டி. பேங்க் ஸ்டேட்மெண்ட் ஒழுங்காக இருக்கும் அரசு ஊழியருக்கு இதைவிடக் குறைந்த வட்டியில் கடன் கிடைக்கும். தினக்கூலிக்காரருக்கு இதைவிடக் கூடுதலாகவே விழும், தவணை தவறினால் செக் பவுன்ஸ் கட்டணம் வேறு. டாக்டர் ரொக்கம் கொடுத்து 80 ஆயிரத்துக்கு வாங்கும் அதே ஸ்ப்ளெண்டரை, கொத்தனார் லட்சத்துக்கு மேல் கொடுத்து வாங்குகிறார். பைக் எல்லாருக்கும் ஒரே விலை இல்லை என்று ஆரம்பத்தில் சொன்னது இதைத்தான்.

ஓட்டும் செலவைப் பாருங்கள். தினம் 30 கிலோமீட்டர், மாதம் 26 நாள், 780 கிலோமீட்டர். பெட்ரோல் லிட்டர் நூறு ரூபாய் என்று வைத்தால், லிட்டருக்கு 60 கொடுக்கும் 100 சிசி வண்டிக்கு 1,300 ரூபாய். 35 கொடுக்கும் 350-க்கு 2,200-க்கு மேல். இதோடு இரண்டு லட்ச ரூபாய் வண்டியின் தவணையையும் சேர்த்தால் உங்கள் சம்பளத்தில் கால் பங்குக்கு மேல் இரண்டு சக்கரத்துக்குப் போய்விடும். ஆறாம் மாதம் வண்டியைப் பார்த்தாலே எரிச்சல் வரும். ஆசைப்பட்ட வண்டியைத் தவணையே வெறுக்கவைத்துவிடும், இதை நான் கண்ணெதிரே நிறையப் பார்த்திருக்கிறேன். தவணை கட்டாததால் பைனான்ஸ்காரர் சீஸ் பண்ணி யார்டில் நிறுத்தியிருக்கும் வண்டிகளில் ஓடி ஓய்ந்தவை குறைவு, பளபளவென்று இருக்கும் 150, 200 சிசிகள்தான் அதிகம்.

அதனால் என் யோசனை: முதல் வண்டி செகண்ட் ஹேண்டில், 100-லிருந்து 125 சிசிக்குள், கையிலிருக்கும் காசுக்கு. ஸ்ப்ளெண்டர், ஷைன், பழைய டிஸ்கவர் எதுவாக இருந்தாலும் பரவாயில்லை. எந்தக் கிராமத்து மெக்கானிக்கும் கண்ணை மூடிக்கொண்டு பிரிக்கத் தெரிந்த வண்டியாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஆர்எக்ஸ் 100 ஆசை இருந்தால் இப்போதைக்கு அடக்கிவையுங்கள். அதன் விலை இன்று நியாயத்துக்குக் கட்டுப்பட்டதில்லை, ஒரிஜினல் பாகங்கள் கிடைப்பதும் குதிரைக்கொம்பு. மிச்சப்படும் காசில் ஐஎஸ்ஐ முத்திரை உள்ள நல்ல ஹெல்மெட் இரண்டு வாங்குங்கள். பின்னால் உட்காருபவருக்குப் பழைய ஓட்டை ஹெல்மெட்டைக் கொடுக்கிற வழக்கம் நம்மூரில் அதிகம்.

வண்டி பார்க்கப் போகும்போது காலையில் போங்கள். போனதும் ஸ்டார்ட் பண்ணச் சொல்லாதீர்கள், எஞ்சினைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் நீங்கள் வருவதற்கு முன்பே ஓட்டிச் சூடாக்கி வைத்திருக்கிறார் என்று அர்த்தம், ஆறவிட்டுத்தான் உதைத்துப் பார்க்க வேண்டும். சைலென்சரில் நீலப் புகை தொடர்ந்து வந்தால் ஆயில் எரிகிறது, எஞ்சினைப் பிரித்துச் சிலிண்டரைக் கடைகிற போர் வேலை காத்திருக்கிறது. சென்டர் ஸ்டாண்ட் போட்டு, முன்சக்கரத்தைத் தூக்கிவிட்டு ஹேண்டிலை மெதுவாக இடதும் வலதுமாகத் திருப்புங்கள். நடுவில் வந்து லேசாகக் கவ்வினால் கோன் செட், அதாவது ஹேண்டில் திரும்புகிற இடத்து பேரிங், போய்விட்டது. அது சின்னச் செலவுதான், பேரத்துக்கு உதவும். ஆனால் ஹேண்டில் நேராக இருக்கும்போது முன்சக்கரம் ஒருபக்கம் பார்த்தால் வண்டி எங்கோ பலமாக விழுந்திருக்கிறது, பேரமே வேண்டாம், திரும்பிவிடுங்கள்.

அப்புறம் பேப்பர். சேஸிஸ் நம்பரை ஆர்சியோடு எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். ஆர்சியில் பைனான்ஸ் கம்பெனி பெயர் இருந்தால், "கடனெல்லாம் எப்பவோ முடிஞ்சது தம்பி" என்ற பேச்சு செல்லாது, கம்பெனியின் தடையின்மைச் சான்றும் கடன் முடிந்ததைக் காட்டும் கையெழுத்தான படிவம் 35-ம் கைக்கு வர வேண்டும். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. அரசின் பரிவாகன் இணையதளத்தில் வண்டி எண்ணைப் போட்டு ஆன்லைன் அபராதம் பாக்கி இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள், வாங்கினபின் அது உங்கள் தலையில்தான் விழும். பதினைந்து வருஷத்தை நெருங்கும் வண்டி என்றால் பதிவைப் புதுப்பிக்கும் செலவையும் விலையில் கழித்துக் கேளுங்கள். பெயர் மாறும்வரை முழுப் பணத்தையும் கொடுக்காதீர்கள், ஐயாயிரமாவது நிறுத்திவையுங்கள். விற்கிறவர் முகத்தைச் சுளித்தாலும் பரவாயில்லை.